ஏழாம் படி முடிந்த வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 14

காந்திமதிக்கு அன்று காலையிலேயே கால் வலித்தது. வேலைக்குப் போய் நின்ற பிறகு வலிக்க வேண்டிய கால், போவதற்கு முன்பே வலித்தால் அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்.

வாரா வாரம் படிக்கிறவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காந்திமதியின் கணவன் வேதாசலம் பஸ் டிப்போவில் கிளார்க். அவன் தங்கை புஷ்பம் காட்டாங்குளத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கையில் ஒரு பையோடு இரும்புலியூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் ஜெயவேலுவிடம் அடி உதை கிடையாது, குடி கிடையாது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். ஆனால் அவன் அவளோடு பேச மாட்டான். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான், கதவைத் திறந்தால் உள்ளே வருவான், அத்தோடு சரி. பேச வேண்டியதையெல்லாம் மாமியார் பேசிவிடுவாள், அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை.

கோபித்துக்கொண்டு வந்தவளைப் புருஷன்காரன் வந்து கூப்பிடுவதுதான் முறை. ஜெயவேலு வரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. புஷ்பமும் எதிர்பார்ப்பதை ஒருநாள் நிறுத்திவிட்டு, அண்ணன் வீட்டு அடுப்பை ஏற்றுக்கொண்டாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு டெலிபோனில் ஜெயவேலுவின் அக்கா கங்கையம்மாள் பேசினாள். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு வருகிறோம், புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு போவதைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள். அந்த நேரத்துக்குத்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்களாம்.

அதில் தப்பே சொல்ல முடியாது. எட்டரைக்கு இந்தப் பக்கத்தில் யார் வெளியே இருக்கிறார்கள்? டி.வி.யில் 'ஏழாம் படி' ஆரம்பித்துவிடுமே.

"எட்டரைக்கா? அதுவும் இந்த வெள்ளிக்கிழமையா?" என்று புஷ்பம் கேட்டபோது வேதாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன் வாழ்க்கையைப் பத்திப் பேச வராங்க. நீ டி.வி.யைப் பத்திப் பேசறியே."

"கடைசி எபிசோடுண்ணா."

ஒன்றரை வருஷமாகப் பார்த்த தொடர். பெரிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சுலோசனா, அந்த வீட்டு வாசலில் இருக்கும் ஏழு படியையும் இறங்கி வெளியேறியவள், திரும்ப ஏறப் போகிறாளா இல்லையா என்பதுதான் கதை. அதை இழுத்த இழுப்பில் நடுவில் இரண்டு பாத்திரங்களுக்கு நடிகர்களே மாறிப்போனார்கள். தெருவில் ஒருத்தரும் விடவில்லை. பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீடு வரைக்கும் நடந்து வந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் வசனம் கேட்கும், ஒரு வரி தப்பாது.

புஷ்பத்துக்கு அதில் என்ன சுகம் என்று காந்திமதி முதலில் யோசித்ததுண்டு. பிறகு புரிந்தது. காலையில் பால் காய்ச்சுவதில் தொடங்கி பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், அண்ணனுக்கு வெந்நீர், துணி, மாவு என்று ஓடுகிறவளை அந்த அரைமணி நேரம் மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் "இருங்க" என்று அவள் சொல்லலாம். மற்ற நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லும் தைரியம் அவளுக்குக் கிடையாது.

சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் உள்ள ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் காந்திமதி சூப்பர்வைசர். தையல் மெஷின்களுக்கு நடுவே நாள் முழுக்க நடப்பதுதான் வேலை. அன்று அங்கேயும் இதே பேச்சு. காலர் பிரிவுப் பெண்கள் சுலோசனா திரும்பிப் போவாள் என்றார்கள், பட்டன் பிரிவு போகக் கூடாது என்றது. மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு கட்சியும் கிட்டத்தட்ட முறைத்துக்கொண்டு உட்கார்ந்தன. எனக்கு வேறு வேலை இல்லையா என்று காந்திமதி ஒதுங்கித்தான் இருந்தாள். ஆனால் அவளும் மனசுக்குள் சுலோசனா போகக் கூடாது என்ற கட்சிதான். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது செல்லம்மா கூடவே வந்தாள். காலர் பிரிவில் வேலை செய்கிறவள், காட்டாங்குளத்தூர்க்காரி, ஜெயவேலு வீட்டுக்கு அடுத்த தெரு.

"உங்க நாத்தனாரைக் கூப்பிட வராங்களாமே மேடம்?"

"உனக்கு யார் சொன்னது?"

"ஊரெல்லாம் தெரியும். அந்த மாமியார்க் கிழவி கிணத்தடியில வழுக்கி விழுந்துச்சு இல்ல, இடுப்பு போயிடுச்சு. எல்லாம் படுக்கையிலதான். ரெண்டு ஆளு வெச்சாங்க, ரெண்டும் அது வாய்க்குப் பயந்து ஓடிடுச்சு. பெரிய பொண்ணு மாசம் பூரா அங்கயே கெடக்குது, அதுக்கு அதோட வூட்டைப் பாக்கணும் இல்ல? அதான் மருமவ ஞாபகம் வந்திருக்கு."

காந்திமதி பிளாட்பாரத்தில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு வண்டி வந்து போனது. ஏறவில்லை.

இதைப் புஷ்பத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் போக மாட்டாள். போகாவிட்டால் யாருக்கு லாபம்? காலையில் எழுந்ததும் கைக்குக் காப்பி வருகிறதே, அந்தக் காந்திமதிக்குத்தானே. நாளைக்கே வேதாசலம் கேட்பான், உனக்கு வேலைக்கு ஆள் வேணும்னு என் தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துட்டியா என்று. சொல்லாமல் இருந்தால்? நாலு வருஷமாகத் தன் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டவளை, தெரிந்தே அந்தக் கிழவியின் மூத்திரத் துணி துவைக்க அனுப்பிய பாவம் வரும்.

எனக்கு யோசிக்கிற தெம்புகூட இல்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அடுத்த வண்டி வந்ததும் ஏறினாள்.

அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஸ்வீட் பாக்ஸோடு கங்கையம்மாள், ஐம்பது வயது, கழுத்து நிறைய நகை. அந்தப் பக்கம் ஜெயவேலு, மடியில் துண்டு, முழங்கால் மேல் கை. கொஞ்சம் இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. நடுவில் வேதாசலம், வெள்ளை வேட்டியும் அதைவிட வெளுத்த முகமுமாக. பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள்.

டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்த வீட்டில் அதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதிர்வீட்டுக் கிளியம்மாள் வழக்கம்போலத் தன் மணையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டில் கேபிள் இல்லை. அவளை எழுப்பி அனுப்பும் துணிச்சல் வேதாசலத்துக்கு இல்லை. பூஜையறைக் கதவில் சாய்ந்து நின்ற புஷ்பம், முகம் கழுவிப் பூ வைத்திருந்தாள். யாருக்காக என்று கேட்டால் அவளே சொல்லியிருப்பாளா தெரியாது.

பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் அது சட்டம். கதை ஓடும்போது பேசக் கூடாது, எது பேசுவதானாலும் விளம்பரம் வரட்டும். கங்கையம்மாள் வீட்டிலும் அதே சட்டம்போல, ஒரு வார்த்தை பேசாமல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு குடும்பங்களின் வழக்கு, சோப்பு விளம்பரத்துக்காகக் காத்திருந்தது.

சோப்பு வந்தது.

"தம்பி, சுத்தி வளைக்காம சொல்றேன்" என்று கங்கையம்மாள் வேதாசலத்திடம் ஆரம்பித்தாள். "நடந்தது நடந்துபோச்சு. பொண்ணு அது வூட்டுல இருந்தாத்தான் மரியாதை. எங்க பக்கமும் நாலு பேர் கேக்கறாங்க, உங்க பக்கமும் கேப்பாங்க."

"அது வாஸ்தவம்தான்" என்றான் வேதாசலம். "ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பெண்ணை அனுப்பற வழக்கம் இல்லை."

"நாளைக்கு சனி, அதுவும் வேணாம். ஞாயித்துக்கிழமை காலையில வண்டி எடுத்துகினு வரோம்."

கிழமையே முடிவாகிவிட்டது. புஷ்பத்தை யாரும் கேட்கவில்லை.

விஷயம் எதுவும் தெரியாத கிளியம்மாள் டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னாள், "போவக் கூடாதும்மா. போயி இன்னா ஆவப்போவுது? இவ்ளோ நாளு எங்க போயிருந்தான் அந்தப் புருசன்? இப்ப வந்துகினான் பேஜார் பண்ண."

வேதாசலம் தொண்டையைக் கனைத்தான். கங்கையம்மாள் திரும்பிப் பார்த்தாள். "யாரைச் சொல்றே?"

"சுலோசனாவைத்தாம்மா. வேற யாரை?"

கதை மறுபடி தொடங்கியது. பீரோவுக்கு முன்னால் எல்லோரும் கூடி நிற்கிறார்கள், பத்திரத்தை எடுக்கச் சாவி இல்லை. அடுத்த விளம்பரம் வந்ததும் கிளியம்மாள், "த்தோடா, இந்தச் சாவி இப்ப யாராண்ட கீது? எனுக்கு மறந்தே போச்சு" என்றாள்.

"பெரியம்மாகிட்ட" என்றது ஒரு குரல். "கோயில்ல வெச்சுக் குடுத்தாங்களே."

ஜெயவேலு. அந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். கங்கையம்மாளே தம்பியைப் புதுசாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அது டூப்ளிகேட்" என்றாள் புஷ்பம், கதவில் சாய்ந்தபடியே. "நிஜச் சாவி சுலோசனாகிட்டதான் இருக்கு."

"அதைத்தான் குழந்தை கிணத்துல போட்டுடுச்சே."

"போட்டது தோட்டத்து ரூம் சாவி. பச்சைக் கயிறு கட்டியிருந்துச்சு. பீரோ சாவிக்குச் சிவப்பு."

ஜெயவேலு யோசித்தான். "ஆமா, சிவப்புதான்" என்றான். பிறகு, தானாகவே, "அந்த டிரைவர் செத்தது எனக்கு மனசே ஆறல" என்றான்.

"எனக்கும்தான். அன்னிக்கு நான் சாப்பிடல."

"நானும்" என்றான் ஜெயவேலு.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த இரண்டு பேரும் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். அவன் அங்கேயும் இவள் இங்கேயும், தினம் அதே நேரத்துக்கு உட்கார்ந்து அதே டிரைவருக்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள். இது ஒருத்தருக்கொருத்தர் தெரிய இந்த நாள் வர வேண்டியிருந்தது.

காந்திமதி புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்னவோ ஒன்று இளகியிருந்தது. போய்விடுவாள் என்று தோன்றியது.

"புஷ்பம், காப்பி கலக்கணும், கொஞ்சம் வாயேன்" என்று உள்ளே போனாள். புஷ்பம் டி.வி.யை ஒருதரம் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தாள்.

அடுப்பைப் பற்ற வைத்ததும் காந்திமதி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். கிழவி விழுந்தது, இடுப்பு, படுக்கை, ஓடிப்போன இரண்டு ஆட்கள், எல்லாம். சொல்லி முடித்தபோது பால் பொங்கி மேலே வந்தது. புஷ்பம் கை நீட்டி அடுப்பைத் தணித்தாள்.

"தெரியும் அண்ணி."

"தெரியுமா? யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லணுமா? நாலு வருஷமா எட்டிப் பாக்காதவங்க ஸ்வீட் பாக்ஸ் எடுத்துக்கிட்டு வந்தா, அந்த வீட்ல யாரோ படுத்துட்டாங்கன்னுதான் அர்த்தம். யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு."

டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டே அவள் கேட்டாள், "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இப்ப நீங்க இதைச் சொன்னது எனக்காகவா, உங்களுக்காகவா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாள் முழுக்க நின்ற காலுக்குப் பொய்யைத் தாங்கும் தெம்பு இல்லை.

"ரெண்டுக்கும்தான்" என்றாள் காந்திமதி. "நீ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. அதனாலதான் சொல்றேனோன்னு ஸ்டேஷன்ல உக்காந்து எனக்கே சந்தேகம். ஆனா சொல்லாம உன்னை அனுப்பவும் மனசு வரல."

புஷ்பம் சர்க்கரை போட்டாள். கூடத்தில் பாட்டு கேட்டது. கடைசிப் பகுதி. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள், டம்ளர்களை எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டுப் பழையபடி கதவோரம் நின்றாள்.

சுலோசனா படியேறினாள். ஒவ்வொரு படியிலும் பழைய காட்சி ஒன்று வந்தது. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள், புருஷன் வாசலில் நின்று அழுதான். ஏழாவது படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. வணக்கம் போட்டார்கள்.

கிளியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, "போயிட்டாடி பாவி" என்று அழுதாள். ஜெயவேலுவும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அதை மறைக்கக்கூட இல்லை.

"பாத்தியா புஷ்பம்" என்றாள் கங்கையம்மாள், தன் வழக்கை டி.வி.யே ஜெயித்துக் கொடுத்த திருப்தியில். "அவளே போயிட்டா. எத்தனை பேரு கையெடுத்துக் கும்பிடற மாதிரி போனா பாரு."

"அவளுக்கு இன்னியோட முடிஞ்சுது" என்றாள் புஷ்பம். "நாளைக்குக் காலையில அவ எழுந்து என்ன பண்ணினான்னு யாரும் காட்டப் போறதில்ல. எனக்கு நாளைக்கும் விடியும்."

அவள் கதவை விட்டு விலகி, ஜெயவேலுவுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தைக்கு எப்படி இருக்கு?"

கங்கையம்மாள் முந்திக்கொண்டு, "அம்மாவுக்கு இன்னா, நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"அவரைக் கேட்டேன்."

ஜெயவேலு வேதாசலத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "இடுப்பு போயிடுச்சு" என்றான். "எழுந்திரிக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

வேதாசலம் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவனுக்கு இது தெரியாது. அந்த மட்டிலாவது அவனை நம்பலாம்.

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிட வந்தீங்களா?"

"அக்கா அதுக்குத்தான் வந்துச்சு."

"நீங்க?"

பதில் வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த மௌனத்தைத்தான் அவள் விட்டுவிட்டு வந்தாள். காந்திமதிக்கே அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. புஷ்பம் அவசரப்படவில்லை. டி.வி.யில் ஏதோ ஹேர் ஆயில் விளம்பரம் முழுசாக ஓடி முடிந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றாள் புஷ்பம். "உங்க அம்மாவைப் பாத்துக்க நல்லதா ஒரு ஆளைப் பாருங்க. ரெண்டு ஓடிச்சுன்னா மூணாவதா ஒண்ணு பாருங்க. அவங்க வந்து எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு ஆனப்புறம், உங்களுக்கு நான் வேணும்னு இருந்தா, தனியா வந்து கூப்பிடுங்க. அப்ப எனக்காக வந்தீங்கன்னு எடுத்துக்கறேன்."

"ஆளுக்கு ஆளு ரூல் போடற காலம் ஆயிடுச்சு" என்று கங்கையம்மாள் எழுந்தாள். "இன்னா தம்பி, உங்க தங்கச்சி பேசறது கேட்டுகினுதானே இருக்கீங்க?"

வேதாசலம் வேட்டியைச் சரிசெய்தான். தங்கையைப் பார்த்தான். "அவ சொல்றதுல தப்பு தெரியலைக்கா" என்றான் கடைசியில். வாழ்நாளில் அவன் சொன்ன பெரிய வாக்கியங்களில் அது ஒன்று.

காப்பியைத் தொடாமல் கங்கையம்மாள் ஆட்டோவைப் பார்த்து நடந்தாள். ஜெயவேலு குடித்துவிட்டுத்தான் எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "திங்கட்கிழமையிலேர்ந்து அந்த நேரத்துக்கு வேற ஒண்ணு போடறாங்களாம்" என்றான்.

"தெரியும்" என்றாள் புஷ்பம்.

"பாப்பியா?"

"பாப்பேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினான். சொல்ல வேண்டியதைச் சொன்னானா, சொல்லத் தெரியாமல் வேறு எதையோ சொன்னானா என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்காது. அவன் திரும்ப வருவானா என்பது புஷ்பத்துக்கும் தெரியாது. கிளியம்மாள் மட்டும் எல்லாம் புரிந்துபோன முகத்தோடு, மணையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

காந்திமதிக்கு மூச்சு வந்தது. வெட்கமில்லாமல் சொல்ல வேண்டுமானால், சந்தோஷமாக இருந்தது. போகவில்லை. நாளைக்குக் காலையில் காப்பி கைக்கு வரும். சேரில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"நல்ல பதில் சொன்னே புஷ்பம்" என்றாள். "அவங்களுக்கு வேண்டியது மருமக இல்ல, வேலைக்காரி. நறுக்குன்னு கேட்டே."

புஷ்பம் டம்ளர்களை எடுக்கவில்லை. நாலு டம்ளரும் தரையில் அப்படியே இருந்தன. அவள் சுவரில் சாய்ந்து, தானும் காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்து காந்திமதி பார்த்ததில்லை.

"அண்ணி, அவங்ககிட்ட சொன்னதேதான் உங்களுக்கும்."

"என்ன சொல்றே?"

"இங்கேயும் சமைக்க, துணி துவைக்க ஒரு ஆளைப் பாருங்க. உங்க கம்பெனியிலயே எனக்கு ஏதாவது வேலை இருந்தா கேளுங்க, இல்லேன்னா நானே வெளியில தேடிக்கறேன். அந்த ஆள் வந்து வீடெல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு ஆனப்புறமும், புஷ்பம் இங்கதான் இருக்கணும்னு உங்களுக்குத் தோணினா, சொல்லுங்க. இருக்கேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காந்திமதி சமாளித்திருப்பாள். வாயைத் திறந்தாள். அதெல்லாம் என்ன பேச்சு, நீ எங்க வீட்டுப் பெண் இல்லையா என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது தெரிந்தது, நீட்டிய காலை மடக்கிக்கொள்ளத்தான் முடிந்தது.

உள்ளறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த வேதாசலம் குரல் கொடுத்தான்.

"புஷ்பம், பசிக்குதும்மா. தட்டு வை."

கூடத்தில் இரண்டு பெண்களும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.